மொனறாகலைக்கு மாறிப்போற குடும்பம்

யாழ்ப்பாணத்திலை இனி ஒருத்தற்றை வீட்டிலையும் வாடகைக்கு இருக்கிறதில்லை எண்டு நான் தீர்மானம் எடுத்த நேரம் வீட்டிலை ரெண்டு பேர் இருந்தினம். ஒராள் என்ரை மனிசி நிவேதனா. புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிண்டவ. மற்ற ஆள் மகள் தனுஷா. எட்டாம் வகுப்புக் கணக்கோடை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். ரெண்டு பேரும் நிமிர்ந்து பாக்கேல்லை. ஆனபடியால் நானே முன்மொழிஞ்சு, நானே வழிமொழிஞ்சு, ஏகமனதா நிறைவேற்றினன்.

காரணம் எங்கடை வீட்டுக்காரர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை. பக்கத்து வளவிலைதான் இருக்கிறார். அண்டைக்குக் காலமை படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையிலை ஒரு பப்பாசிப்பழம். வீட்டுக்காரர் பழத்தோடை வந்தால் பின்னாலை ஒரு விசயம் கிடக்கும்.

“தம்பி சிவரூபன், மகன் குடும்பம் கனடாவிலையிருந்து வருகினம். நல்லூர்த் திருவிழாவுக்கு.”

“நல்ல சந்தோசம் அண்ணை.”

“வந்தால் இருக்க வீடு வேணும்.”

“ஓம், வேணும்தானே.”

“அதுதான் தம்பி…”

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பாடம். கலியாணம் செய்த பதினாலு வருசத்திலை இது நாலாவது வீடு. நாலு வீட்டுக்காரருக்கும் வெளிநாட்டிலை பிள்ளையள், நாலு பேற்றை பிள்ளையளுக்கும் நல்லூர்க் கந்தனிலை அளவில்லாத பக்தி. கந்தனோடை எனக்குக் கோபமில்லை. கொடியேத்தம் எண்டு கேட்டால் ஊர்ச்சனம் கைகூப்பும், நான் கடதாசிப் பெட்டி தேடுவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஆடி பிறக்க முந்தி வீட்டை விட்டு எழும்பினால் உதவியா இருக்கும் தம்பி. ஆடியிலை வீடு மாறக் கூடாதெல்லோ. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்,” எண்டு சொல்லிப்போட்டுப் பழத்தைத் தந்தார். நானும் நன்றி சொல்லி வாங்கினன்.

என்னைப் பற்றிச் சொல்லவேணும். யாழ்ப்பாணம் பட்டினத்திலை ஒரு தனியார் பொதிச்சேவைக் கந்தோரிலை எனக்கு வேலை. மற்றவையின்ரை சாமானை நாடு முழுக்க அனுப்பிறது என்ரை தொழில். என்ரை சாமானை நானே தூக்கிக்கொண்டு திரியிறது என்ரை விதி. சம்பளம் மாதக் கடைசியிலை வரும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தீர்மானம் ஒரு பக்கம் கிடக்க, அந்தச் சம்பளத்துக்கு ஏற்ற வீடு தேடி ஒரு கிழமை சைக்கிளிலை அலைஞ்சன். கொக்குவிலிலை ஒரு அருமையான வீடு. வாடகையும் கட்டுப்படியாகும். பூட்டுத் திறப்பைக் கையிலை தாற நேரம் வீட்டுக்கார அம்மா ஒரு சொல்லுச் சொன்னா: “மச்சம் மட்டும் சமைக்கப்படாது.” நிவேதனா வல்வெட்டித்துறைக்காரி. விளைமீனா ஒட்டியா எண்டு வாசத்திலை சொல்லுற குடும்பம். அவவுக்கு மீன் இல்லாத வீடு வீடே இல்லை. திறப்பைத் திருப்பிக் குடுத்திட்டன்.

இணுவிலிலை இன்னொரு வீடு. சொந்தக்காரர் சுவிசிலை. வீடியோவிலை என்னை நேர்முகப் பரீட்சை வைச்சார்.

“வெள்ளிக்கிழமை விளக்கேத்துவியளோ?”

“ஓம்.”

“மாமரத்துக்குத் தண்ணி விடுவியளோ?”

“ஓம்.”

“விழுகிற பழத்தை எங்கடை சின்னம்மா வீட்டை குடுத்து விடுவியளோ?”

“ஓம் அண்ணை.”

எல்லாத்திலையும் சித்தியடைஞ்சன். பிறகு வாடகையைச் சொன்னார். என்ரை சம்பளத்துக்கு ஒரு தம்பி இருந்து, அவனும் உழைச்சால் கட்டலாம்.

இப்ப நீங்கள் கேப்பியள், ஏனப்பா, உங்களுக்கெண்டு ஒரு வீடு இல்லையோ எண்டு. கேளுங்கோ, சொல்லுறன். மனசுக்குக் கஸ்டமான கதைதான்.

எங்கடை பக்கத்திலை வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். ஆம்பிளைக்கு வாய்க்கிறது மனிசியின்ரை வீடு. மானிப்பாயிலை நான் பிறந்து வளர்ந்த வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமா எழுதிக் குடுத்தாச்சு. சாட்சிக் கையெழுத்து வைச்சதும் நான்தான். அதிலை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எனக்கும் ஒரு வீடு வல்வெட்டித்துறையிலை ஆயத்தமா நிண்டது. கப்பலிலை போய் உழைச்ச பரமலிங்கம் மாமா, மகள் நிவேதனாவுக்கெண்டு கடற்கரை ஒழுங்கையிலை கட்டின கல்வீடு.

நான் அப்ப எங்கடை சனசமூக நிலையத்துச் செயலாளர். பேச்சாளன் வேறை. கலியாண மண்டபத்திலை ஒரு மைக் சும்மா நிண்டுது. சும்மா நிக்கிற மைக்கைக் கண்டால் எனக்கு அந்த நாளிலை கை காலெல்லாம் துடிக்கும். தாலி கட்டின கையோடை எழும்பிப் போய்ப் பிடிச்சன்.

“அன்பான சபையோரே! நான் கைப்பிடித்தது பெண்ணை, கல்வீட்டை அல்ல! சீதனம் என்ற பெயரில் ஒரு செங்கல்லும் என் வாசலுக்கு வரக்கூடாது!”

மண்டபம் அதிரக் கைதட்டினாங்கள். மாமா மட்டும் தட்டேல்லை. திறப்புக் கோர்வையை மடியிலை வைச்சுக்கொண்டிருந்த மனிசன், அதை மெதுவா எடுத்துத் திரும்ப இடுப்பிலை சொருகினார். என் வாசல், என் வாசல் எண்டு கத்தினேனே, வாசல் எண்டு ஒண்டு எனக்கு எங்கை கிடந்தது? அண்டைக்கு அதை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் யோசிக்கேல்லை.

அந்த வீட்டை மாமா வாடகைக்குக் குடுத்திருந்தார். பப்பாசிப்பழம் வாறதுக்கு முந்தி, சித்திரை மாதம் நிவேதனா மீன் வெட்டிக்கொண்டு சொன்னா, “எங்கடை வீட்டிலை இருந்த வங்கி ஆக்கள் மாறிப் போட்டினமாம். வீடு சும்மா பூட்டிக் கிடக்காம்.” அவ்வளவுதான் சொன்னா. பேந்து மீனைக் கழுவப் போட்டா.

அந்த வீடு என்ரை நெஞ்சுக்குள்ளை வந்து குந்திட்டுது. போகலாம். ஆனால் நானா எப்பிடிக் கேக்கிறது? கேட்டால் அந்தப் பேச்சு மண்ணாப் போடும். நிவேதனா கேக்கோணும். அழுது கேட்டால் இன்னும் நல்லம். “உங்கடை கொள்கை பெரிசுதான், எனக்காக ஒருக்கா விட்டுக்குடுங்கோ” எண்டு அவ சொல்ல, நான் ரெண்டு தரம் மறுத்து, மூண்டாம் தரம் ஒரு பெருமூச்சோடை இறங்கி வாறது. வீடும் கிடைக்கும், மானமும் மிஞ்சும்.

அவவைக் கேக்க வைக்க ஒரு வழிதான் இருந்தது. மனுசர் போக விரும்பாத ஊரெல்லாத்தையும் தேடிப்பிடிச்சுச் சொல்லுறது.

“இஞ்சரும், குறைஞ்ச சம்பளத்துக்கு ஏற்ற நகரம் எது எண்டு நான் ஆராய்ஞ்சு பாத்தன்.”

“நல்ல விசயம். எதாம்?”

“வவுனியா.”

“ஓ.”

“வெக்கை எண்டால் சொல்லி வேலையில்லை.”

“எங்களிட்டை விசிறி இருக்கு.”

“தண்ணி சரியில்லையாம்.”

“காய்ச்சி வடிச்சுக் குடிப்பம்.”

“நினைச்ச உடனை உம்மடை அப்பா ஆக்களைப் பாக்க ஏலாது.”

“அது உங்களுக்கு ஆறுதல்தானே.”

நான் எழும்பிப் போய் முகம் கழுவினன். அடுத்த நாள் மன்னாரைக் கொண்டு வந்தன்.

“மன்னாரிலை மலிவாம். ஆனால் உப்புக்காத்து. ரோட்டெல்லாம் கழுதை.”

“கழுதை வாடகை கூட்டாதுதானே,” எண்டா நிவேதனா. “மீனும் மலிவாக் கிடைக்கும். போவமே?”

மனிசிக்கு ஒரு ஊரும் பயமில்லை. எனக்குத்தான் பயம் பிடிச்சிட்டுது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதம் இல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை படலையடியிலை நிண்டு, “வீடு அம்பிட்டுதோ தம்பி?” எண்டு தினமும் கேக்கிறார். அந்த அவதியிலைதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னன்.

“எங்கடை கந்தோர் தெற்குப் பக்கம் மொனறாகலையிலை ஒரு கிளை திறக்கப் போகுது. என்னை அங்கை அனுப்பச் சொல்லிக் கேக்கலாம் எண்டு யோசிக்கிறன். வாடகை கொள்ளை மலிவு. ஆனால் காடு. யானை வேலிக்குள்ளை வரும். நாள் முழுக்கத் திரிஞ்சாலும் தமிழிலை கதைக்க ஆள் கிடைக்குமோ தெரியாது.”

சொதி கிண்டின அகப்பை நிண்டுது. எனக்கு உள்ளுக்கை மேளம் அடிச்சுது. இந்தா, இந்தா, இப்ப கேக்கப் போறா.

“யானை உண்மையா வருமோ?”

“உண்மையா வரும். போன மாசமும் வந்ததாம்.”

நிவேதனா சொதியை இறக்கி வைச்சா. பிறகு சொன்னா, “தனுஷாவுக்கு யானை எண்டால் உயிர். போவம்.”

அண்டைக்குப் பின்னேரமே சாமான் கட்டத் தொடங்கிட்டா. ரெண்டு நாளிலை வளர்த்த கோழியள் ரெண்டையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. சந்தைக்குப் போனால், “நாங்கள் மொனறாகலைக்கு மாறிப் போறம்” எண்டு தக்காளி விக்கிற மனிசிக்கும் சொல்லுறா. ஒரு காலமை தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைச்சுப்போட்டு, “சுப உதேசனக்” எண்டா.

“என்ன?”

“சிங்களத்திலை காலை வணக்கம். போனைப் பாத்துப் பழகிறன். நீங்களும் பழகுங்கோ, கிளைக்குப் பொறுப்பா இருக்கப் போறியள்.”

“ஆர் சொன்னது பொறுப்பெண்டு?”

“உங்கடை மனேச்சர். அருட்பிரகாசம் ஐயாவோடை நேற்றுப் போனிலை கதைச்சனான். நாங்கள் மொனறாகலைக்கு ஆயத்தம் எண்டு சொன்னன். அந்த மனிசன் குளிர்ந்து போட்டார். ஒருத்தரும் போக மாட்டம் எண்டு நிண்டவையாம். வாற மாதம் முதலாந் திகதியிலையிருந்து நீங்கள்தானாம்.”

தேத்தண்ணியைக் கீழை வைச்சன். மொனறாகலையிலை கிளை இல்லை. அது சொதி கொதிக்கேக்கை நான் குசினியிலை நிண்டு திறந்த கிளை. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. கொம்பனிக்காரர் எல்லாத்தையும் எனக்குச் சொல்லிப்போட்டே செய்யினம்? நான் பொய் எண்டு சொன்னது அவையின்ரை திட்டத்திலை உண்மையாக் கிடந்தால்?

கந்தோருக்கு ஓடிப்போனன். அருட்பிரகாசம் ஐயா என்னைக் கண்டதும் சிரிச்சார். எட்டு வருசத்திலை அந்த மனிசன் என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை. கிளை உறுதி எண்டு அந்தச் சிரிப்பிலையே எனக்கு விளங்கிட்டுது.

நேரை கேக்கவும் ஏலாது. கிளை இருக்கெண்டால் நான் போகோணும். இல்லை எண்டால், மனிசிக்குப் பொய் சொல்லிப் பிடிபட்ட ஆள் எண்டு கந்தோர் முழுக்கத் தெரியவரும். வாயை மூடிக்கொண்டு மற்றவையின்ரை பொதியளுக்கு விலாசம் ஒட்டினன். ஒரு பொதி உண்மையாவே மொனறாகலைக்குப் போச்சுது. அதுக்கு ரெண்டு தரம் விலாசம் ஒட்டினன்.

அந்தக் கிழமை முடிய வீடெல்லாம் பெட்டி. சாமிப் படமும் கழட்டியாச்சு. படம் இருந்த இடத்திலை சுவர் வெளிறிக் கிடந்தது. நான் ஒரு பெட்டிக்கு மேலை குந்தினன்.

“நிவேதனா.”

“ம்.”

“வல்வெட்டித்துறையிலை அந்த வீடு…”

“எந்த வீடு?”

“உம்மடை வீடு.”

“எனக்கெங்காலை வீடு?” எண்டு சொல்லிப்போட்டு, போனை எடுத்துக் கலியாண வீடியோவைப் போட்டா. தேடவும் இல்லை. முதலே எடுத்து வைச்சிருந்திருக்கிறா.

“…சீதனம் என்ற பெயரில் ஒரு செங்கல்லும் என் வாசலுக்கு வரக்கூடாது!”

என்ன குரல்! என்ன கம்பீரம்! அந்தப் பெடியன் இப்ப கையிலை அம்பிட்டால் கன்னத்தைப் பொத்தி ரெண்டு குடுப்பன்.

“சரி,” எண்டன். “பிழைதான். எனக்கு மொனறாகலைக்குப் போக ஏலாது. எனக்கு யானைக்குப் பயம்.”

நிவேதனா சிரிக்கேல்லை. போனை வைச்சுப்போட்டு எனக்கு முன்னாலை நிலத்திலை இருந்தா.

“நான் உங்களைப் பகிடி பண்ணேல்லையப்பா. அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லேக்கை எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமோ? என்ரை சிநேகிதியளின்ரை புருசன்மார் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனால் நான் பதினாலு வருசமா மற்றவையின்ரை குசினியிலை சமைக்கிறன். இந்தப் படம் கொழுவ ஒரு ஆணி அடிக்க நாலு வீட்டுக்காரரிட்டைக் கேட்டனான். பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சுவரோடை நிண்டு உயரத்துக்குக் கோடு கீறுவாள். வீடு மாறேக்கை அதை உரஞ்சி அழிச்சுப்போட்டு வாறது நான்தான். உங்களுக்கு அது தெரியாது.”

எனக்கு உண்மையாவே தெரியாது. சாமான் கட்டுறது, லொறி பிடிக்கிறது, வீட்டுக்காரருக்குத் திறப்புக் குடுக்கிறது எல்லாம் நான் செய்தன். அந்தக் கோட்டை ஒருக்காலும் பாக்கேல்லை. வெக்கமாயும் கிடந்தது, அழுகையாயும் கிடந்தது.

“ஏன் நீர் ஒருக்காவும் அந்த வீட்டை போவம் எண்டு கேக்கேல்லை?”

“கேட்டால் என்ன செய்வியள்? ரெண்டு தரம் மாட்டன் எண்டுவியள். மூண்டாம் தரம் ஒரு பெருமூச்சு விட்டு, எனக்காக இறங்கி வாறது போலை வருவியள். பேந்து கட்டையிலை போகுமட்டும் அதைச் சொல்லிக் காட்டுவியள்.”

என்ரை மண்டைக்குள்ளை இருந்த திட்டத்தை ஒரு சொல்லுப் பிசகாமல் சொல்லிப்போட்டா.

“அப்ப… போவமோ?”

“சீதன வீட்டுக்கு நீங்கள் வரப்படாது. சபையிலை சொன்ன சொல்லு.”

“நிவேதனா!”

“வாடகைக்கு வாங்கோ.”

“என்னெண்டு?”

“வாடகைக்கு. உங்கடை சம்பளத்துக்கு ஏற்ற மாதிரித்தான் சொல்லுவன். மாதம் முதலாந் திகதி என்ரை கையிலை தரோணும். ஆணி அடிக்கிறதெண்டால் என்னைக் கேட்டு அடியுங்கோ.”

“புருசனிட்டை வாடகையோ?”

“புருசனிட்டை ஏன் வாங்கிறன்? வாடகைக்காரரிட்டைத்தான். உங்கடை கொள்கையும் நிக்கும், அப்பாவின்ரை மனமும் ஆறும்.”

உடனை மாமாவுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னா. மாமா என்னோடை கதைச்சார். “மருமகன், சொன்ன சொல்லிலை நிண்டிட்டியள். இந்தக் காலத்திலை ஆர் நிக்கினம்?” எண்டார். பகிடியோ மெய்யோ, எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு நாங்கள் போய் இறங்கேக்கை இடுப்பிலையிருந்து அந்தத் திறப்புக் கோர்வையை எடுத்தார். நான் கையை நீட்டினன். அவர் அதை மகளின்ரை கையிலை வைச்சார்.

திங்கட்கிழமை நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு மனேச்சருக்கு முன்னாலை போய் நிண்டன்.

“ஐயா, மன்னிக்கவேணும். மொனறாகலைக்கு என்னாலை போக ஏலாது.”

“எங்கை?”

“மொனறாகலைக் கிளைக்கு.”

“அங்கை எங்களுக்குக் கிளை இல்லையே ஐசே.” மனிசன் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர். “உம்மடை மனிசியும் இதைத்தான் கேட்டவ. இல்லைப் பிள்ளை எண்டன். சரி ஐயா, அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டா. அண்டையிலிருந்து உம்மைக் காணேக்கை எல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் கிடக்கு.”

பஸ்ஸிலை வரேக்கை எனக்குக் கொதி எண்டால் அப்பிடியொரு கொதி. பருத்தித்துறை வீதி முழுக்க வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்தன். வீட்டை வந்து படலையைத் திறந்தால், முன் அறைச் சுவரோடை தனுஷா விறைப்பா நிக்கிறாள். நிவேதனா அவளின்ரை தலைக்கு மேலை மட்டத்தடியைப் பிடிச்சு, பென்சிலாலை இல்லை, பேனையாலை, அழுத்திக் கோடு கீறுறா. பிறந்தநாளுக்கு இன்னும் மூண்டு மாதம் கிடக்கு. ரெண்டு பேற்றை முகத்தையும் பாத்தன். பாடமாக்கின வசனத்தைப் படலையடியிலையே விட்டிட்டன். போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து, சூடை மீன் பொரியலோடை ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டன்.

அண்டையிலிருந்து மாதம் முதலாந் திகதி வாடகை குடுக்கிறன். ஒருநாளும் பிந்தினதில்லை. வீட்டுக்காரி நல்லவ. கூரை ஒழுகினால் உடனை பாப்பா. இருட்டினால் கடல் இரைச்சல் கேக்கும். இனி ஒரு கொடியேத்தத்துக்கும் பெட்டி தேடத் தேவையில்லை எண்டு நானும் நிம்மதியா இருந்தன்.

போன கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நிவேதனா ஒரு பப்பாசிப்பழத்தை வெட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைச்சா. ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ரை பழம் ஞாபகத்துக்கு வந்தது.

“இஞ்சருங்கோ, சித்திரையிலை எங்கடை அம்மன் கோயில் திருவிழா எல்லோ. பெரியண்ணை குடும்பம் கனடாவிலையிருந்து வருகினம்.”

“நல்ல சந்தோசம்.”

“ஆறு பேர். வந்தால் இருக்க வீடு வேணும்.”

“ஓம், வேணும்தானே.”

“நானும் பிள்ளையும் வீட்டுக்காரர், ஒரு மாதிரிச் சமாளிப்பம். அதுதானப்பா…”

ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ: சித்திரையிலை ரெண்டு கிழமைக்கு, குறைஞ்ச சம்பளக்காரர் ஒருத்தருக்கு, மலிவா ஒரு அறை வேணும்.